விரும்பியா கப்பலேறினார்கள்?

“கடல் தாண்டிப் போவது எங்கள் ஸ்காட்லாந்து மக்களின் இரத்தத்திலேயே ஊறியது. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் எங்களவன் ஒருவன் அங்கே முன்னமேயே வந்து உட்கார்ந்திருப்பான்.”

எங்கள் தோட்டத்து ஆபீசில், என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரர் சொன்ன வார்த்தை இது. நல்ல மனிதர், குறை சொல்வதற்கில்லை. எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய பாட்டனார் இரண்டாம் உலக யுத்தத்திற்கு முன்பு இதே தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்தவராம். பாட்டனாரின் காலடி பட்ட மண்ணைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். பழைய பங்களா இருந்த மேட்டில் இப்போது செம்பனை நிற்கிறது. அந்தச் செம்பனையையும் விடாமல் படம் பிடித்துக்கொண்டார்.

அவருடைய தோல் பையில் ஏழு தலைமுறையின் காகிதங்கள் இருந்தன. எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்திலும், கிளாஸ்கோ மிட்செல் நூலகத்திலும் பல வருஷம் தேடி எடுத்த நகல்கள். பெருமையோடு மேசையில் பரப்பினார். நான் பன்னிரண்டு வருஷமாகச் செக்ரோல் எழுதுகிற கிராணி. கோடு போட்ட தாளைக் கண்டால் பெயரைப் படிப்பதற்கு முன் கட்டங்களின் தலைப்பைப் படிப்பது எனக்குப் பழக்கம். அவர் பெயர்களையும் தேதிகளையும் படித்திருந்தார். நான் மற்றக் கட்டங்களைப் படித்தேன். தேநீர் ஆறிப்போனது. படித்து முடித்தபோது, அவர் முதலில் சொன்ன வார்த்தையை அவர் கொண்டுவந்த காகிதமே மறுக்கிறது என்று கண்டேன்.

அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். “ஸ்காட்லாந்துக்காரன் குடும்பக் கதை பால் வெட்டுகிறவனுக்கு எதற்கு?” என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்தருள வேண்டும். நம் கூட்டங்களிலேயே, படித்த இளைஞர்கள் எழுந்து நின்று, “நம் பாட்டன்மார் பணம் சேர்க்கும் ஆசையால் ரஜுலா கப்பலேறி வந்தவர்கள்தானே” என்று பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரர் சொன்னதன் தமிழ்ப் பதிப்பு அல்லாமல் அது வேறென்ன?

ஸ்காட்லாந்தில் ஒரு குடும்பம் தன் முன்னோரைத் தேடும் முறை, நம் ஆட்கள் தொலைந்த மாட்டைத் தேடும் முறையே. நிற்கிற இடத்திலிருந்து அடிச்சுவட்டைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அந்நாட்டில் 1855 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் அரசாங்கத்தில் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. சாவுப் பதிவில் இறந்தவரின் தகப்பனார் பெயர் மட்டுமல்ல, தாயார் பெயரும், கல்யாணத்திற்கு முன் அந்தத் தாயாருக்கு இருந்த குடும்பப் பெயரும் எழுதப்படும். ஆகவே ஒரு கிழவனின் சாவுக் காகிதம் கிடைத்தால் அடுத்த படிக்கு ஏணி கிடைத்ததுபோல. அத்துடன் 1841 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்கில், வீட்டுக்கு வீடு யார் யார் இருந்தார்கள் என்று பெயர் பெயராக இருக்கிறது. (1841 கணக்கில் ஒரு வேடிக்கை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தைந்தாகக் குறைத்து எழுதச் சொல்லி உத்தரவு. நாற்பத்து நாலு வயதுக்காரன் காகிதத்தில் நாற்பது ஆகிவிடுவான். எந்த ஊர்க் கிராணியும் மேலிடத்து உத்தரவை மீறுவதில்லை!)

1855-க்கு முன்னால் போனால் தேவாலயப் புத்தகங்கள்தான் கதி. அவற்றில் மிகப் பழையது 1553-ல் தொடங்குகிறது. ஆனால் அவற்றில் எல்லாரும் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். 1783-ல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி போட்டார்கள். 1794 வரை அது நீடித்தது. காசு கொடுத்துப் பிள்ளை பெயரைப் புத்தகத்தில் ஏற்றுவானா, அந்தக் காசுக்கு மாவு வாங்குவானா? பலர் பதியவே இல்லை. வடமேற்குத் தீவுகளில் அந்தப் புத்தகங்களும் மிகப் பிந்தியே தொடங்கின. எழுதியவர்களோ, மக்கள் பேசிய கேலிக் மொழிப் பெயர்களை இங்கிலீஷாக்கி எழுதினார்கள். ‘தொர்மொத்’ என்று தாய் அழைத்த பிள்ளை புத்தகத்தில் ‘நார்மன்’ ஆனான். நம் முனியாண்டியும் காத்தாயியும் துரைமார் புத்தகத்தில் என்ன ஆனார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

வழி தெரியாதபோது தேடுகிறவர்களுக்குக் கைகொடுப்பது ஒரு பழைய வழக்கம். மூத்த மகனுக்குத் தகப்பனாரின் தகப்பனார் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயாரின் தகப்பனார் பெயர். பாட்டன் பெயரைத் தாங்குகிறவனைப் பெயரன் என்று அழைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, தேவாலயப் புத்தகத்திலும் ஏறாத ஏழையின் பெயர் எங்கே கிடைக்கிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. அவனை வீட்டைவிட்டு வெளியேற்றிய காகிதத்தில் கிடைக்கிறது! நிலப்பிரபு ஒரு குத்தகைக் குடியானவனைக் கிளப்ப வேண்டுமானால், மே மாதக் கெடுவுக்கு நாற்பது நாள் முந்தி ஷெரீப் கோர்ட்டில் சம்மன் வாங்கி, அமீனா மூலம் சேர்ப்பிக்க வேண்டும். அந்த மனுவில் ஊரிலுள்ள குடும்பத் தலைவர்களின் பெயர்களை வரிசையாக எழுதுவார்கள். ஞானஸ்நானத்தை யாரும் எழுதி வைக்காத மனிதனுடைய வெளியேற்றத்தைக் கோர்ட்டுக் குமாஸ்தா அழகான கையெழுத்தில் எழுதி வைத்தான். ஏழைகள் நிவாரண மனுவும் அப்படித்தான். நம் வெள்ளைக்காரரின் பையிலேயே ஒன்று இருந்தது. கிளாஸ்கோவில் ஒரு விதவை, ஸ்கை தீவில் பிறந்தவள், நிவாரணம் கேட்டபோது அதிகாரி அவளிடம் துருவித் துருவிக் கேட்டு எழுதியது. பிறந்த ஊர், தகப்பன், தாய், புருஷன் என்ன வேலை செய்தான், எத்தனை பிள்ளை, எது செத்தது, எது பிழைத்தது. பிச்சை போடுவதற்கு முன் இத்தனை கேள்வி. ஆனால் அந்தக் கேள்விகள் இல்லாவிட்டால் இன்று அந்தக் குடும்பத்துக்கு வேர் தெரியாது. சின்னத்துரையின் பாட்டனார், அந்த மனுவில் ‘பிழைத்தது’ என்ற கணக்கில் வருகிற ஒரு குழந்தை.

அந்த விதவையினுடைய புருஷனின் அண்ணன் 1852-ல் மனைவி மக்களோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினான். அவன் பெயர் இருக்கும் பட்டியலைக் காட்டித்தான் வெள்ளைக்காரர் ‘இரத்தத்தில் ஊறியது’ என்றார். அந்தப் பட்டியலை எழுதியது ‘மேட்டுநாடு, தீவுகள் குடியேற்றச் சங்கம்’. 1852-லிருந்து 1857-க்குள் ஏறக்குறைய 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றி அனுப்பிய சங்கம் அது. பட்டியலில் கப்பலின் பெயர், ஆட்களின் பெயர், வயது, ஊர் எல்லாம் உண்டு. அவற்றோடு இன்னும் இரண்டு கட்டங்கள். ஒன்றில் நிலப்பிரபுவின் பெயர். மற்றதில் ஒரு தொகை.

“இந்தத் தொகை என்ன?” என்று கேட்டேன்.

“கப்பல் கட்டணமாக இருக்கும்,” என்றார்.

கட்டணமல்ல. அந்தக் குடும்பம் சங்கத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஏற்றினார்கள். நிலப்பிரபு பெயர் ஏன் இருக்கிறது? செலவில் மூன்றில் ஒரு பங்கை அவர் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு பிரபு தன் குடியானவனைத் தேசம்விட்டு அனுப்பக் கைக்காசு கொடுக்கிறார் என்றால், அந்தக் குடியானவன் அங்கே இல்லாமலிருப்பது அவருக்கு எவ்வளவு இலாபம் என்று கணக்குப் பாருங்கள்!

பிரபுக்கள் எப்போதுமே இப்படித் தாராளமாக இருந்தார்களா என்றால் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் இதே தீவுகளில் கடற்பாசியை எரித்துச் சாம்பலாக்கி விற்பது பெரிய வியாபாரம். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அந்தச் சாம்பல் தேவை. பனிக்கடலில் இடுப்பளவு நின்று பாசி அறுக்கக் கூலி ஆள் வேண்டும். அந்தச் சமயம் குடியானவர்கள் தாங்களாகவே கனடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். உடனே பிரபுக்கள் பார்லிமெண்டில் முட்டி மோதி 1803-ல் பயணக் கப்பல் சட்டம் கொண்டுவந்தார்கள். கப்பலில் இவ்வளவு இடம் வேண்டும், இவ்வளவு உணவு வேண்டும் என்று மனிதாபிமானமாக எழுதிய சட்டம். விளைவு, ஏழைக்கு எட்டாத உயரத்துக்குக் கட்டணம் ஏறியது. நெப்போலியன் யுத்தம் முடிந்தபின் பாசிச் சாம்பலின் விலை விழுந்தது. 1846-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. இப்போது ஆள் வேண்டாம். நிலத்தில் ஆடு மேய்ந்தால் குத்தகை அதிகம் வரும். முன்பு போகாதே என்று பிடித்து வைத்தவர்களே இப்போது காசு கொடுத்து அனுப்புகிறார்கள். அதே குடி, அதே இரத்தம். எங்கே போயிற்று இரத்தத்தில் ஊறிய கடலாசை?

ஆஸ்திரேலியா ஏன் கூப்பிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1851-ல் அங்கே தங்கம் கிடைத்தது. ஆட்டுப் பண்ணைகளின் மேய்ப்பர்கள் வேலையை விட்டுத் தங்கம் தோண்ட ஓடிவிட்டார்கள். கம்பளி முதலாளிகளுக்கு உடனே மேய்ப்பர் தேவை. ஆக, ஆட்டுக்காக ஸ்காட்லாந்தில் நிலத்தை இழந்தவன், ஆடு மேய்க்கத்தான் பூமியின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டான்.

1852 கடைசியில் ‘ஹெர்குலிஸ்’ என்ற கப்பல் எழுநூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. வழியில் அம்மையும் விஷக்காய்ச்சலும் கண்டு ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பியவர்களில் பலரைக் குடும்பம் பிரித்து வேறு வேறு கப்பலில் ஏற்றினார்கள். அடுத்த வருஷம், 1853-ல், ஸ்கை தீவில் லார்டு மக்டொனால்டின் பண்ணையைச் சேர்ந்த சூஷ்னிஷ், போரெரைக் என்ற இரண்டு ஊர்களையும் காலி செய்தார்கள். பிற்காலத்தில் புகழ்பெற்ற மண்ணியல் அறிஞரான ஆர்ச்சிபால்ட் கெய்கி அப்போது இளைஞர். அந்த ஊர் மக்கள் ஓலமிட்டுக்கொண்டு வரிசையாகப் போவதைக் கண்ணால் கண்டு பின்னாளில் எழுதி வைத்தார். பண்ணைக்காரர்கள் சொன்ன காரணமோ, இந்த ஊர் தேவாலயத்துக்கு வெகுதூரம், மக்களின் நன்மைக்காகவே இடம் மாற்றுகிறோம் என்பது. நன்மை செய்யாமல் யாரும் யாரையும் கிளப்புவதில்லை என்பது எல்லாத் தேசத்துக்கும் பொது போலும்.

குடியேற்றச் சங்கத்தின் தலைவர் யார் என்று பார்த்தேன். சர் சார்ல்ஸ் டிரெவெல்யன். லண்டன் கருவூலத்தின் பெரிய அதிகாரி. அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணத்தை நிர்வகித்தவரும் அவரே. ஏழைக்கு இலவசமாகச் சோறு போட்டால் சோம்பேறியாவான் என்பது அவருடைய கட்சி. ஸ்காட்லாந்துத் தீவுகளில் ஒரு நாள் முழுதும் வேலை வாங்கிக்கொண்டு ஒரு ராத்தல் மாவு கொடுத்த நிவாரணத்துக்கும் அவர் யோசனையே ஆதாரம். இந்தப் புண்ணியவான் 1859-ல் எங்கே போனார் தெரியுமா? சென்னை கவர்னராகப் போனார்! மறுவருஷமே, வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காகத் திருப்பி அழைக்கப்பட்டார் என்பது வேறு கதை. ஸ்கை தீவுக் குடியானவனையும் தஞ்சாவூர்க் குடியானவனையும் ஆண்டது ஒரே மேசை என்பதை எண்ணும்போது, நமக்கும் அந்தத் தீவுக்கும் அவ்வளவு தூரமில்லை.

இன்னொரு சென்னை கவர்னரும் இந்தக் கதையில் வருகிறார். சென்னையில் கூவம் கடலோடு சேருமிடத்தில் நேப்பியர் பாலம் இருக்கிறதல்லவா, அந்த நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னையில் கவர்னர். அவரை வேறு வேலைக்குக் கூப்பிட வைத்தது குடியானவர்களின் போராட்டம். 1882 ஏப்ரலில் ஸ்கை தீவின் பிரேஸ் பகுதி மக்கள், தங்களிடமிருந்து பறித்த மலை மேய்ச்சலைத் திருப்பித் தரும் வரை குத்தகை கட்ட மாட்டோம் என்று நின்றார்கள். சம்மன் கொண்டுவந்த அமீனாவின் கண்முன்னே அந்தக் காகிதங்களை எரித்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து ஐம்பது போலீஸ்காரர்கள் வந்தபோது பெண்கள் கல்லெடுத்து நின்று தலை உடைபட்டார்கள். அரசாங்கம் 1883-ல் நேப்பியர் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டது.

கமிஷன் முதலில் கூடியது அதே பிரேஸில். முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டூவர்ட் என்ற குடியானவர். கேலிக் மொழியில் பேசினார். உண்மையைச் சொன்னால் என்னை நிலத்தைவிட்டுக் கிளப்பமாட்டார்கள் என்று முதலில் உறுதி கொடுங்கள், பிறகு பேசுகிறேன் என்றார். நம் தோட்டங்களில் விசாரணைக்கு அதிகாரி வரும்போது லயத்து வாசலில் எழும் அதே பேச்சு! மொத்தம் 775 பேர் சாட்சி சொன்னார்கள். கேள்வியும் பதிலும் 46,000-க்கு மேல். ஒன்று விடாமல் அச்சிட்டார்கள். 1886-ல் குடியானவர் சட்டம் வந்தது. நியாயமான குத்தகை, ஒழுங்காகக் கட்டினால் கிளப்ப முடியாது என்ற பாதுகாப்பு. முன்னே பறிபோன நிலத்தை அந்தச் சட்டம் திருப்பித் தரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சாட்சியத்தில், எந்த வருஷம் எந்த ஊர், எந்தக் காரியஸ்தர், எத்தனை வீடு என்று கிழவர்கள் சொன்னதைப் பிரபுக்களின் சொந்தக் குத்தகைப் புத்தகமும் கோர்ட்டுச் சம்மனும் பக்கத்துக்குப் பக்கம் தாங்கி நிற்கின்றன. அதனால்தான் ‘விரும்பிப் போனார்கள்’ என்ற பேச்சு அங்கே இன்று எடுபடுவதில்லை.

இன்னொன்றும் சொல்லாவிட்டால் நான் ஒருதலையாக எழுதியவன் ஆவேன். கப்பலேறியவர்களெல்லாம் போன இடத்தில் சாதுவாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்கை தீவிலிருந்து 1838-ல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த ஆங்கஸ் மக்மில்லன் என்பவர், கிப்ஸ்லாந்து என்ற பிரதேசத்தில் மந்தை வைத்துப் பெரிய மனிதரானார். 1843-ல் வாரிகல் ஓடையருகே அம்மண்ணின் பூர்வகுடிகளைச் சுட்டுக் கொன்ற கூட்டத்துக்கு அவரே தலைமை தாங்கினார் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். தன் ஊர்க் கதையை நினைவில் வைத்திருந்தவன் அதைச் செய்திருப்பானா என்று கேட்டேன். வெள்ளைக்காரர் பதில் சொல்லவில்லை. அவருடைய பாட்டனார் நம் பாட்டன்மார் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அவர் மனத்தில் ஓடியிருக்கலாம். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, விருந்தாளி. பட்டியலை மறுபடி வாங்கித் தொகை இருந்த கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். “முப்பது வருஷமாக இதைப் பார்க்கிறேன்,” என்றார்.

இனி நம் கதை. சில வருஷங்களுக்கு முன் நான் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். அந்தத் தோட்டம் வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கப்பட்டது. இருபத்து மூன்று குடும்பங்களுக்கு லயத்தைக் காலி செய்யச் சொல்லி வாய்ச்சொல்லாக உத்தரவு வந்தது. காகிதம் ஒன்றும் இல்லை. செக்ரோலில் அவர்கள் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று கேட்டேன். “தானாக விலகினார் என்று எழுதுங்கள் கிராணியார்,” என்றார்கள். எழுதினேன். இருபத்து மூன்று முறை எழுதினேன். பிறகு பழைய செக்ரோல், தோட்டத்து ஆஸ்பத்திரிப் பிரசவப் புத்தகம், கப்பலில் வந்தவர்களின் பெயர்ப் புத்தகம் எல்லாவற்றையும் ஆபீசுக்குப் பின்னால் குவித்தார்கள். இரண்டு நாள் எரிந்தது. தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த வருஷம் அந்த லயத்தில் பிறந்த பாட்டியம்மா ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஆயுள் முழுதும் சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர். “கிராணி ஐயா, நான் அங்கதான் பொறந்தேன்னு ஆஸ்பத்திரிப் புஸ்தகத்துல எழுதியிருக்கும்னு அம்மா சொல்லும். அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு காப்பி எடுத்துக் குடுங்க,” என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத எனக்கு மனமில்லை.

ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் தங்கள் புத்தகங்களை எரிக்கவில்லை. நல்லெண்ணத்தால் அல்ல, கணக்கும் சொத்து வழக்கும் இருந்தபடியால். ஆனாலும் இருந்தது. இங்கே தோட்டங்கள் கைமாறும்போது நிலத்துக்குக் கணக்குண்டு, மரத்துக்குக் கணக்குண்டு, பழைய இரும்புக்குக்கூட விலையுண்டு. பெயர்ப் புத்தகத்துக்கு மட்டும் நெருப்பு. புத்தகம் போய்விட்டால், ‘விரும்பி வந்தார்கள், தானாகப் போனார்கள்’ என்பதை மறுக்க நம்மிடம் என்ன இருக்கும்? கிழவிகளின் வாய்ச்சொல் ஒன்றுதான். அதையும் கேட்டு எழுத நமக்கு ஒரு நேப்பியர் கமிஷன் வரப்போவதில்லை.

ஆகவே, வரும் கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். தோட்டம் விற்கப்படும்போது பழைய செக்ரோல், பிரசவப் புத்தகம், சாவுப் புத்தகம், ஆள் வந்த பட்டியல் ஆகியவற்றை அழிக்கக் கூடாது; தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும்; ‘தானாக விலகினார்’ என்று எழுதும் இடத்தில் தொழிலாளியின் கையெழுத்தும் கிளைச் செயலாளரின் கையெழுத்தும் இல்லாமல் எழுதக் கூடாது. இந்தக் கோரிக்கையை அடுத்த ஒப்பந்தப் பேச்சிலேயே வைக்க வேண்டும். சகோதரக் கிராணிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் ஆபீசு பீரோவின் அடித்தட்டில் கறையான் பிடித்த புத்தகம் ஏதேனும் இருந்தால், இந்த வாரமே அதன் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள்.

முன்மொழிகிறவன் நான். வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். புத்தகத்தை நெருப்பில் போட்ட கையே இதை முன்மொழிவதா என்று யாரேனும் ஆட்சேபித்தால், அதற்கும் எழுந்து நின்று பதில் சொல்லத் தயாராக வருகிறேன்.